அடுத்த வீட்டு அக்கா எழுதிய கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், சிங்கப்பூரின் தெம்பனிசில் எங்கள் புளோக்கில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அப்படித்தான் ஓர் அக்கா வந்தார். அவருடைய அடுத்த வீட்டுப் பெண் அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்தவர். மனைவிக்காக அந்தத் தம்பி அங்கே குடிநுழைவு மனு போடுகிறார். திருமணம் உண்மையானது என்று அக்கா எழுதித் தரவேண்டும். "நோட்டரிகிட்ட போகணுமா தம்பி?" என்றார்.

வேண்டாம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 28ஆம் தலைப்பின் 1746ஆம் பிரிவு 1976 முதல் இதற்கு வழி விட்டிருக்கிறது. எழுதியது உண்மை, பொய் என்றால் பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்படுகிறேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டால் சத்தியம் செய்ததற்குச் சமம். அமெரிக்காவுக்கு வெளியே கையெழுத்திடுகிறவர்கள் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி' என்பதையும் சேர்க்க வேண்டும். நமக்கு அது மிக முக்கியம்.

சரி, உள்ளே என்ன எழுதியிருந்தார்? "இருவரும் நல்லவர்கள், அன்பாக இருக்கிறார்கள்." அவ்வளவுதான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இதற்கு எத்தனை முத்திரை குத்தினாலும் பயனில்லை. கையெழுத்துப் போட்டது யார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி, எழுதியதற்கு அல்ல.

"நீங்க கண்ணால பார்த்தது என்னக்கா?" என்று கேட்டேன். பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருமகன் காலை ஆறு மணிக்கே கஞ்சித் தூக்குடன் லிஃப்டுக்குக் காத்து நிற்பாராம். மூடி சரியாகப் பொருந்தாமல் கஞ்சி வழிய, இந்த அக்காதான் ஒரு துணி கொடுத்துச் சுற்றச் சொன்னாராம். இதை எழுதுங்கள் என்றேன். அப்புறம் உங்கள் முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், இவர்களை எப்படித் தெரியும் என்பதும் வேண்டும். தமிழில் எழுதினால், முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட வாக்கும் சேரவேண்டும். அதற்கும் நோட்டரி தேவையில்லை.

இதை அப்படியே இங்கே சிங்கப்பூருக்குப் பொருத்திவிடாதீர்கள். தமிழ்ச் சான்றிதழை நாமே மொழிபெயர்த்து நம் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் கொடுத்தால், நோட்டரியோ தூதரகமோ சான்றளித்திருக்க வேண்டும். சட்டப்படியான உறுதிமொழிப் பத்திரம் கேட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் போன்ற அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். கேட்பது எந்த நாடு, எந்தப் படிவம் என்று பார்த்து, அதன் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அக்காவின் இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. கஞ்சித் தூக்கும் துணியும் அதில் இருந்தன. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.