நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து சிறப்பித்திருக்கும் விருந்தினர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த கோயில் நிர்வாகத்தாரே, கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் மாணவர்களைப் பஸ் வைத்து அழைத்து வந்த தலைமையாசிரியர்களே, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த ஆசிரியை முன்வரிசையில் இருக்கிறார். அவர் முன்னிலையில் பேசுவது நான் பெற்ற பேறு.

ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில் வரும் நெருப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாலமாண்டர், சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பீனிக்ஸ் பறவை, அடுப்பு என்று மூன்று குறியீடுகளைச் சொல்லப்போகிறேன்.

அந்த நாட்டில் தீயணைப்புப் படையினருக்குப் புத்தகங்களைக் கொளுத்துவதுதான் வேலை. கதாநாயகன் மொன்டாக்கின் சட்டைக் கையில் சாலமாண்டர் முத்திரை. தீயில் விழுந்தாலும் வேகாது என்று மேல்நாட்டார் முற்காலத்தில் நம்பிய, பல்லி போன்ற பிராணி அது. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள் நம் பெரியவர்கள். மொன்டாக்குக்கும் வேகவில்லை. ஒரு மூதாட்டி தன் புத்தகங்களுக்கு நடுவே நின்று தானே தீக்குச்சியை உரசிய இரவில்தான் அவன் நெஞ்சு வெந்தது.

அந்த மூதாட்டியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி நினைவுதான். சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். தோட்டம் கைமாறி, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன நாள். சுமை குறையட்டும் என்று சித்தப்பா தகரப் பீப்பாயில் ஒட்டுப்பாலை, அதாவது உறைந்துபோன ரப்பர் பாலை, கொளுத்திப் பழைய தாள்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுப்பால் பற்றிக்கொண்டால் எளிதில் அணையாது. புகை கருகருவென்று எழும். கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஓடிவந்தார். பீப்பாய்க்குள் கையை விட்டு ஒரு தாள்கட்டை வெளியே இழுத்தார். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் வந்த தொடர்கதைகளைத் தாத்தா கத்தரித்து, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்த கட்டு அது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தையல் தெரியும். “உன் தாத்தா இராத்திரியெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டியது ஐயா இது” என்றார். கடைசிப் பக்கங்கள் கருகிவிட்டன. கதை எப்படி முடிந்தது என்று அன்றிரவு வெறுந்தரையில் உட்கார்ந்து அவரே எங்களுக்குச் சொன்னார். கையில் மஞ்சள் பற்று.

நாவலின் முடிவிலும் ஊருக்கு வெளியே சிலர் ஆளுக்கொரு நூலை மனத்தில் சுமந்து வாழ்கிறார்கள். அவர்கள் மூட்டிய நெருப்பில் குளிர்காயலாம் என்பதைக் கண்டு மொன்டாக் திகைக்கிறான். அதைத்தான் அடுப்பு என்றேன். பீனிக்ஸுக்கு இன்று நேரமில்லை. அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. இன்றும் நமக்கு ஆறவில்லை. 1924இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றபோதும் கலங்கினோம். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய இதழ்களைக் கரையானுக்கும் பழைய பேப்பர் லோரிக்கும் நாமே கொடுக்கிறோமே! நெருப்பு என்றால் வாய் வேகாது. தமிழ் தமிழ் என்று நான் இங்கே முழங்கினாலும் ஒரு தாள்கூடப் பிழைக்காது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் இரண்டு ஸ்கேனர்கள் இருக்கும். முதல் கட்டைத் தலைவர் அவர்களே தருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டுகளை அவிழ்க்காமல் கொண்டுவாருங்கள். படியெடுத்து அன்றே திருப்பித் தருவோம். வர இயலாத முதியவர்களின் முகவரியை வாசலில் நிற்கும் மாணவர்களிடம் எழுதிக் கொடுங்கள், வீட்டுக்கே வருகிறோம்.