நதிமூலம் கேட்போம்

தலைமை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, விலங்கியல் துறைத் தலைவர் ஐயா அவர்களே, ரோந்து முடித்த கையோடு சீருடையிலேயே வந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, மண்டபமும் மைக்கும் தந்த வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். இந்தப் பழமொழியோடு எனக்குப் பல வருஷமாகச் சண்டை. கேட்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஓர் உயிரினத்தின் மூலத்தை அதன் டிஎன்ஏவிடமே கேட்கலாம். அதற்கு மூன்று முறைகளைச் சொல்கிறேன். எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணுகிற தூர முறை, குறைந்த மாற்றங்களில் கதையை முடிக்கிற சிக்கன முறை, அப்புறம் எந்தக் கதைக்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடுகிற நிகழ்தகவு முறை.

முதலில் எங்கள் வீட்டுத் தீபாவளி லேகியத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதிய முதல் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியவை ஐந்து நோட்டுகள்: அம்மா, பெரியம்மா, சித்தி, பெரிய அத்தை, சின்ன அத்தை. ஒரு வருஷம் சித்தி வீட்டு லேகியம் வாயில் வைக்க முடியாத காரம், நாக்கெல்லாம் மரத்துப்போனது. பெரிய சண்டை. நோட்டை வாங்கிப் பார்த்தால் "ஓமம் ஒரு படி" என்று இருக்கிறது! அம்மா நோட்டில் "ஒரு பிடி". பி என்ற எழுத்தின் மேல் சுழி விடுபட்டால் பிடி படியாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். ஐந்தையும் திண்ணையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். சித்தி, இரண்டு அத்தைகள் என மூவரிடமும் படி. அவர்களிலும் சித்தி, சின்ன அத்தை நோட்டுகளில் சித்தரத்தையே இல்லை. அப்படியென்றால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது தெரிந்துபோகிறது. படி என்ற பிழை முதலில் ஒரு நோட்டில் விழுந்தது, அந்த வழியில் வந்த ஒரு நோட்டில் அப்புறம் சித்தரத்தை விடுபட்டது. சரி, பிடிதான் மூலம் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டு ஆச்சி நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதிலும் பிடி. எங்கள் குடும்பத்தைச் சேராத அந்த நோட்டுக்கு உயிரியலில் புறக்குழு என்று பெயர். இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் பிடி இருப்பதால் அவர்கள் இருவரும் நெருக்கம் என்று சொல்ல முடியாது, அது எல்லோருக்கும் பொதுவாக வந்தது. புதிதாக விழுந்த பிழையைச் சேர்ந்து சுமப்பவர்கள்தான் ஒரே கிளை. சிக்கன முறையின் உயிர்நாடி இதுதான்.

டிஎன்ஏவும் நான்கே எழுத்துகளில் பிரதி எடுக்கப்படும் நோட்டுதான். யார் எந்தக் கிளை என்று மூலத்திலிருந்து வரைகிற படத்துக்கு மரம் என்று பெயர். ஆனால் 10 உயிரினங்களுக்கே இப்படி மூலம் குறித்த மரங்கள் 3,44,59,425 விதமாகப் போடலாம். அதனால்தான் கணினி. 1987இல் சைட்டோ, நெய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தந்த அண்டை இணைப்பு முறை தூரக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடும். நிகழ்தகவு முறையை 1981இல் டிஎன்ஏவுக்கு ஏற்றபடி வகுத்தவர் ஃபெல்சென்ஸ்டீன். அதை மாணவர்கள் பிற்பகல் வகுப்பில் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தவளையிடம் போக வேண்டும்.

2003இல் பிஜு, பொசுயிட் என்ற ஆய்வாளர்கள் இடுக்கி மலையிலிருந்து ஒரு தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். ஊதா நிறம், உப்பிய உடம்பு, பன்றி மூக்கு. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளேயே கரையான் தின்றுகொண்டு கிடக்கும், மழை தொடங்கும்போது இணைசேரச் சில நாள் மட்டும் மேலே வரும். பார்த்தால் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாது. மரபணுக்களை வரிசையாக வைத்து மரம் போட்டதில் நெருங்கிய உறவு எங்கே கிடைத்தது தெரியுமா? கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில்! அங்கே இருக்கும் சொந்தக்காரர்களில் ஒன்று ஒரு சென்டிமீட்டர் அளவுதான். உருவத்தை மட்டும் பார்த்து இந்த உறவைச் சொல்லியிருக்க முடியுமா? சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டியிருந்த நிலம். நிலம் பிரிந்த கதையைத் தவளை உடம்புக்குள் வைத்திருக்கிறது. ரிஷிமூலம் கேட்டதால் கிடைத்த பதில் இது.

இனி நதிமூலம். 2017இல் இதே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பில், இரண்டாவது இனம் அறிவிக்கப்பட்டது, நம் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய கிழக்குச் சரிவில். அகத்தியமலையில் களப்பணியின்போது உயிர்விட்ட ஆய்வாளர் சு. பூபதி அவர்களின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதன் தலைப்பிரட்டைகள் பாய்ந்து வரும் ஓடைநீரில் பாறையை வாயால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வளர்பவை. தண்ணீர் பாயாமல் தேங்கினால் அவற்றுக்குப் பிடிமானமே கிடையாது. ஓடைக்குக் குறுக்கே காங்கிரீட் போட்டுக் குழாய் சொருகும்போது நாம் மறிப்பது அந்தப் பாய்ச்சலைத்தான். வைகைக்குத் தண்ணீர் தருவதும் இப்படிப்பட்ட மலை ஓடைகள்தான்.

ஊராட்சித் தலைவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் உங்கள் எல்லையிலுள்ள ஒவ்வொரு மலை ஓடையையும் பெயர் சொல்லிப் பதிவு செய்து, இதன் குறுக்கே எதுவும் கட்டக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். தீர்மான வாசகத்தை அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறோம். ஓடையின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.