அவள் கையில் என்ன இருக்கிறது?

(நாகர்கோவில் பக்கத்தில் ஒரு ஊர் நூலகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மழை வரும்போல இருக்கிறது. பந்தலுக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள் உள்ளே வாருங்கள், முன்னால் இடம் கிடக்கிறது.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஆச்சி என்னைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்ட நெரிசலில் என்னைத் தூக்கி அம்மனைக் காட்டினாள். வெளியே வந்து கடலில் கால் நனைக்கும்போது கேட்டாள்: "மக்களே, என்ன பாத்தே?" மூக்குத்தி என்றேன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். "செரி, அவ கையில என்ன இருந்தது?" எனக்குத் தெரியவில்லை. "அப்ப நீ பாக்கல்ல" என்று சொல்லி, மறுபடியும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இரண்டாம் முறை பார்த்தேன். ஜெபமாலை.

பாணாசுரனைக் கொன்றவள் அவள். அவன் கன்னிப் பெண்ணின் கையால் மட்டுமே தனக்குச் சாவு என்று வரம் வாங்கி வைத்திருந்தான். அவளுக்கோ சுசீந்திரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது. கல்யாணம் நடந்தால் அசுரன் தப்பித்துவிடுவான். நடுச்சாமத்தில் மாப்பிள்ளை புறப்பட்டு வழுக்கம்பாறை வந்து சேர்ந்தபோது, நாரதர் சேவலாக மாறிக் கூவிவிட்டார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் போயிற்று என்று மாப்பிள்ளை திரும்பிப் போனார். விருந்துக்கு எடுத்து வைத்த அரிசி சமைக்கப்படாமலே மணலாகிப் போனது. கடற்கரையில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அந்த அரிசி மண்தான். அந்தக் கரை மணலில் சிவப்பாக இருப்பது கார்னெட், கறுப்பாக இருப்பது இல்மனைட். மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்க ஆலையே நடக்கிறது. அது தெரிந்த பிறகும், அந்த மணலை உள்ளங்கையில் எடுத்தால் எனக்கு நின்றுபோன கல்யாணம்தான் நினைவுக்கு வருகிறது.

அசுரனைக் கொன்றவள் கையில் வாளைக் கொடுக்காமல் எண்ணுகிற மணியைக் கொடுத்திருக்கிறார்கள். காத்திருப்பதுதான் அவளுடைய பெரிய காரியம் என்று இந்த ஊர் நினைத்திருக்கிறது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பிலும் இவள் வருகிறாள். கொமாரி என்ற இடத்தில் முன்பு ஒரு தேவி தங்கி நீராடினாள், அதனால் ஆணும் பெண்ணும் அங்கே வந்து நீராடி, மணமில்லாமல் வாழ்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. மிளகு எங்கே கிடைக்கும், கப்பலை எங்கே நிறுத்தலாம் என்று எழுத வந்த ஆள் இதையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆச்சி கேட்ட அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் மற்ற நாட்டுத் தேவிகளையும் பார்க்கிறேன். புத்தகங்களில் பட்டியல் இருக்கும்: அதீனா என்றால் அறிவு, அஃப்ரோடைட்டி என்றால் காதல், ஐசிஸ் என்றால் தாய்மை. போட்டித் தேர்வுக்கு அது போதும். ஒரு தெய்வத்தைத் தெரிந்துகொள்ளப் போதாது.

அதீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸ் நகரத்தின் குன்றின்மேல் இருக்கிற பார்த்தினான் கோவிலைப் படத்திலாவது எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்த்தினோஸ் என்றால் கன்னி. அதுவும் ஒரு கன்னி கோவில்தான். அவளும் கல்யாணம் செய்யாதவள், அவளும் போர் செய்கிறவள். ஆனால் அவள் கையில் ஈட்டியும் கேடயமும் உண்டு. அந்த நகரம் யாருக்குச் சொந்தம் என்று அவளுக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் போட்டி வந்தது. பொசைடன் சூலத்தால் பாறையைக் குத்தினான், உப்புத் தண்ணீர் ஊற்றெடுத்தது. அதீனா ஒரு ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாள். ஜெயித்தது மரம். அங்கே விளக்கு எரிவது ஒலிவ எண்ணெயில், சமையல் அதில், உடம்பில் தேய்த்துக் குளிப்பது அதில், கப்பல் ஏற்றி விற்பதும் அதைத்தான். அவளுக்கு எடுத்த பெருவிழாவில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குப் பரிசே குடம் குடமாக எண்ணெய். நம்முடைய பக்கத்தில் இந்தப் போட்டி நடந்திருந்தால் அவள் தென்னையைத்தான் நட்டிருப்பாள். அறிவுத் தெய்வம் என்று சொன்னால் இந்த எண்ணெய் வாசம் போய்விடுகிறது.

சேவல் கூவிய கதை சொன்னேன் அல்லவா. இன்னொரு சேவல் கதை ஜப்பானில் இருக்கிறது. 712-ல் எழுதி முடித்த கொஜிகி என்ற நூலில் வருகிறது. அங்கே சூரியன் பெண், பெயர் அமதெராசு. அவளுடைய தம்பி சுசனோ பெரிய முரடன். அக்காவின் வயல் வரப்புகளை உடைத்தான், வாய்க்காலைத் தூர்த்தான், அவளுடைய தறிக்கூடத்துக்குள் தோலுரித்த குதிரையைத் தூக்கி எறிந்தான். நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு வரப்பை உடைத்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் மனம் வெறுத்து ஒரு குகைக்குள் போய்ப் பாறையால் அடைத்துக்கொண்டாள். உலகம் இருண்டுபோனது.

தெய்வங்கள் எல்லாம் கூடி யோசித்தன. முதலில் சேவல்களைக் கொண்டுவந்து கூவ வைத்தன. நம்முடைய கதையில் சேவல் கூவியதால் ஒரு பெண்ணின் விடியல் நின்றுபோயிற்று. அங்கே விடியலைத் திரும்பக் கொண்டுவரக் கூவுகிறது. அப்புறம் ஒரு மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டார்கள். உசுமே என்ற தேவி கவிழ்த்த தொட்டியின்மேல் ஏறி ஆடினாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் இல்லாமல் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று அமதெராசு பாறையைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தாள். எதிரே கண்ணாடி. அதில் தெரிகிற ஒளி யார் என்று பார்க்க ஒரு அடி வெளியே வந்தாள். கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். திரும்பிப் போகாதபடி பின்னால் ஒரு கயிறு கட்டினார்கள். ஜப்பானியக் கோவில்களில் வைக்கோல் புரி தொங்குவதைப் பார்த்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் பேரனைப் பூமிக்கு அனுப்பும்போது, இந்தக் கண்ணாடியைப் பார்ப்பது என்னைப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள். அது இசே என்ற இடத்தில் இருக்கிற கோவிலில் இருப்பதாக நம்புகிறார்கள். பக்தர்கள் யாரும் பார்க்க முடியாது. அந்த மரக் கோவிலை 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுவார்கள். கடைசியாகக் கட்டியது 2013-ல். இதைப் படித்த அன்று நான் சாமித்தோப்பை நினைத்தேன். சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் பதியில், அவரை வழிபடுகிற அந்த இடத்தில், உள்ளே நிற்பது நிலைக்கண்ணாடி. தலைப்பாகை கட்டி அதன் முன்னால் நிற்கிறவன் தன்னையே பார்க்கிறான். தலைப்பாகை கட்டவும் இடுப்புக்கு மேலே துணி போடவும் தடை இருந்த சாதிகள் வாழ்ந்த நாடு இது. அங்கே மறைத்து வைத்த கண்ணாடி, இங்கே திறந்து வைத்த கண்ணாடி. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாத் தெய்வமும் ஒன்றுதான் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். அப்படிப் போனால் அந்தத் தலைப்பாகை கண்ணில் படாது.

எகிப்தில் செக்மெத் என்று ஒருத்தி, பெண் சிங்க முகம். மனிதர்கள் தன்னை எதிர்க்கிறார்கள் என்று சூரியக் கடவுள் ரா அவளை ஏவிவிட்டார். அவள் கொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. 7000 சாடி பீரில் செங்காவியைக் கலந்து நிலத்தில் ஊற்றினார்கள். இரத்தம் என்று நினைத்துக் குடித்தாள், போதையில் வந்த வேலையை மறந்தாள். கொள்ளை நோயை அனுப்புகிறவளும் அவள், அவளுடைய பூசாரிகளே வைத்தியம் பார்க்கிறவர்கள். நம் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் "முத்து போட்டிருக்கு" என்று மெதுவாகச் சொல்கிறோமே, நோய் என்று வாயால் சொல்வதில்லையே. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்புக் கிடையாது, எல்லாம் அவளைக் குளிர வைக்கத்தான். முத்தாரம்மன் கொடையில் மஞ்சள் தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் செங்காவித் தண்ணீர் நினைவுக்கு வரும். பயத்தை எதிர்த்து நிற்க முடியாத இடத்தில் மனிதர்கள் அதைத் தாயாக்கிக் கெஞ்சியிருக்கிறார்கள்.

இனான்னாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இராக்கின் பழைய ஊருக் நகரத்துத் தேவி. அவளுக்கு எட்டு முனை நட்சத்திரமும் உண்டு, சிங்கமும் உண்டு. ஆனால் அவளுடைய மிகப் பழைய அடையாளம் நாணலைக் கட்டி மேலே வளைத்த ஒரு கம்பம். சதுப்பு நிலத்தில் வீடும் தொழுவமும் நாணலில் கட்டிய ஜனங்கள், அந்த வாசல்காலையே அவளுக்குக் குறியாக வைத்தார்கள். 5000 ஆண்டுக்கு முந்தைய ஒரு கல் ஜாடியில் அது செதுக்கியிருக்கிறது.

தேவிகள் ஊர் மாறவும் செய்வார்கள். நம்முடைய சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர்களோடு அம்பிகா யட்சி சிங்கத்தோடு நிற்கிறாள். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணப் பள்ளியாக இருந்த அந்த இடம் பின்னால் பகவதி கோவிலானது. ஆப்பிரிக்காவின் யெமோஜா கதை இதைவிட வலிக்கிறது. நைஜீரியாவில் அவள் ஓகுன் ஆற்றின் தாய். யொருபா ஜனங்களை அடிமைகளாகக் கப்பலில் அடைத்து அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஆறு பின்னால் நின்றுவிட்டது. பிரேசிலில் அவள் கடலின் தாய் ஆனாள். பிப்ரவரி 2-ம் தேதி சால்வடார் நகரத்து மீனவர்கள் கூடை கூடையாகப் பூவும் சீப்பும் கண்ணாடியும் வாசனைத் திரவியமும் படகில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து பூ போகிற மாதிரி அன்று அங்கே பூ போகும்.

கடைசியாக மாசூ. சீனாவின் ஃபுஜியான் கரையில் மெய்சோ என்ற தீவு. 960-ல் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்த பெண் என்று சொல்கிறார்கள். பிறந்தபோது அழவே இல்லையாம், அதனால் மௌனப் பெண் என்று பேர். அவளும் கல்யாணம் செய்யவில்லை. ஒரு நாள் தறியில் இருக்கும்போதே மயங்கினாள். ஆவியாகக் கடலுக்குப் போய்ப் புயலில் மாட்டின அப்பாவையும் அண்ணன்மாரையும் பிடித்து இழுத்தாள். கைக்கு எட்டாத ஒருவரைப் பல்லால் கவ்வியிருந்தாள். இந்த நேரம் பார்த்து அம்மா பயந்துபோய் மகளை உலுக்கிக் கூப்பிட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தாள். அந்த ஒருவர் மட்டும் வீடு திரும்பவில்லை.

அவள் கோவிலில் இரண்டு காவல்காரர்கள் நிற்பார்கள். ஒருவன் ஆயிரம் காதம் பார்க்கிற கண், மற்றவன் காற்றோடு வருவதைக் கேட்கிற காது. கடலுக்கு ஆள் அனுப்பிய வீட்டுக்கு வேறு என்ன வேண்டும்?

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. பல நாள் தங்கல் மீன்பிடிக்குப் போயிருந்த நம்முடைய ஆட்களுக்குக் கரையிலிருந்து சொன்ன எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். நானும் சில பேரோடு அரிசி, துணி கொண்டு போனேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு அம்மை கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். திரும்பவில்லை. வலது கையில் ஜெபமாலை, ஒரு மணியில் பெருவிரல் நின்றிருந்தது. இடது கையில் பட்டன் போன். மகனுடைய நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் அழுத்தினாள்.