மழை பெஞ்சா நின்னுடுற இரைச்சல்: உங்க ஹாம் ரேடியோவைக் கெடுக்குறது எந்தக் கம்பம்?

மழை வந்தா ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா உரிமம் வாங்கிப் பேசுற ரேடியோ) பேண்ட், அதாவது நாம கேக்குற அலைவரிசை, இரைச்சல் இல்லாம சுத்தமாயிடுது. நாலு நாள் வெயில் காய்ஞ்சா, சிக்னல் பலத்தைக் காட்டுற எஸ் மீட்டர் முள் 9-ல ஏறி உட்கார்ந்துக்குது. உங்க ரேடியோவும் இப்படித்தானா? அப்போ வில்லன் பெரும்பாலும் ஏதோ ஒரு மின்கம்பத்து மேலதான் இருக்கான். எந்தக் கம்பம்னு கண்டுபிடிக்கலாம், வாங்க.

வணக்கம் நண்பர்களே! முதல்ல ஒரு சின்னச் சோதனை. ரிக்கை, அதாவது உங்க ரேடியோ கருவியை, பேட்டரியில ஓட்டிக்கிட்டே வீட்டு மெயின் சுவிட்ச்சை ஆஃப் பண்ணுங்க. இரைச்சல் நின்னுடுச்சா? சார்ஜர், எல்ஈடி பல்புன்னு உங்க வீட்டுக்குள்ளயே தேடுங்க. நிக்கலையா? தொடர்ந்து பாருங்க.

[திரையில்: இன்சுலேட்டர், அதைப் பிடிச்சிருக்கிற துருப்பிடிச்ச போல்ட், மிக அருகில்]

இந்த போல்ட்டுக்கும் பக்கத்துல இருக்கிற வாஷருக்கும் நடுவுல பாருங்க. நூலிழை அளவு இடைவெளி, அதுல துரு. மேல ஓடுற கம்பியோட மின்புலத்தால இந்த உலோகத்துண்டுலயும் மின்னழுத்தம் ஏறுது. உச்சத்தைத் தொடும்போது அந்த இடைவெளியில ஒரு தீப்பொறி தாவுது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, அதாவது நொடிக்கு 100 தடவை. 60 ஹெர்ட்ஸ்னா 120. ஸ்பீக்கர்ல கேக்குற அந்த 'கர்ர்ர்' இதுதான்.

இதுல எனக்குப் புல்லரிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. 1887-ல ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்துல ரேடியோ அலையை எப்படி உண்டாக்கினார்? ஒரு சின்ன இடைவெளியில தீப்பொறியைத் தாவ விட்டு. 1901-ல மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பின சிக்னலும் தீப்பொறிதான். தளர்ந்துபோன ஒரு போல்ட், யாரும் கேக்காமலே அதே டிரான்ஸ்மிட்டரை ராப்பகலா ஓட்டிக்கிட்டிருக்கு! தீப்பொறி ஒரே அதிர்வெண்ல நிக்காது, பேண்ட் முழுக்கச் சிதறும். அதனாலதான் ரேடியோ உலகமே அந்த முறையைக் கைவிட்டுச்சு.

மழை பெஞ்சா ஏன் நிக்குது? அந்த இடைவெளியில தண்ணி புகுந்து மின்சாரத்துக்கு வழி விட்டுடுது, தீப்பொறி தாவத் தேவையே இல்ல. ஈரத்துல இரைச்சல் கூடுதுன்னா அது வேற கதை, உயர் அழுத்தக் கம்பியில கொரோனா டிஸ்சார்ஜா, அதாவது கம்பியைச் சுத்தி இருக்கிற காத்துல மின்சாரம் கசியுறதா இருக்கலாம்.

இப்ப வேட்டை. நிறைய பேர் சறுக்குறது இங்கதான். கார் ரேடியோவை ஏஎம்-ல வச்சுக்கிட்டு, சத்தம் அதிகமா இருக்கிற கம்பத்தைக் கை காட்டிடுறாங்க. குறைஞ்ச அதிர்வெண் இரைச்சல் கம்பி வழியாவே ரொம்ப தூரம் ஓடும். வழியில பல இடத்துல ஏறி ஏறி இறங்கும். அதனால சுத்தமான கம்பம்கூட மாட்டிக்கும். கிட்டப் போகப் போக அதிர்வெண்ணை ஏத்துங்க: முதல்ல எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்), அப்புறம் 135 மெகாஹெர்ட்ஸ் பக்கம், கடைசியா 400-க்கு மேல ஒரு சின்ன யாகி ஆன்டெனா (ஒரு திசையைக் குறிவச்சுக் கேக்குற ஆன்டெனா). எந்த உயர்ந்த அதிர்வெண்லயும் விடாம கேக்குதோ, அந்தக் கம்பம்தான். ரிசீவர் ஏஎம் மோட்ல இருக்கணும், எஃப்எம் இந்த இரைச்சலை அமுக்கிடும்.

ஆஸிலோஸ்கோப் (சிக்னலோட வடிவத்தைத் திரையில வரைஞ்சு காட்டுற கருவி) இருக்கிறவங்களுக்கு விருந்தே காத்திருக்கு! ரிசீவர் ஆடியோவை அதுல கொடுத்து, லைன் ட்ரிகர்ல, அதாவது மின்சாரத்தோட சுற்றுக்கு ஒத்து ஓடுற மாதிரி வச்சுப் பாருங்க. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளயும் எத்தனை துடிப்பு, எவ்வளவு இடைவெளி எல்லாம் ஒவ்வொரு கோளாறுக்கும் வேற மாதிரி இருக்கும், கைரேகை மாதிரி. வீட்ல பார்த்த அதே வடிவம் கம்பத்தடியிலயும் வந்தா, ஆள் சிக்கிட்டான்.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன், கம்பத்தை உதைக்காதீங்க, சுத்தியலால தட்டாதீங்க, கம்பத்தை இழுத்துப் பிடிச்சிருக்கிற ஸ்டே கம்பியை ஆட்டாதீங்க. உயிருக்கே ஆபத்து. அதோட, தட்டினா இரைச்சல் தற்காலிகமா நின்னுடும், லைன்மேன் வரும்போது அவருக்கு ஒண்ணுமே கிடைக்காது. கம்ப எண், தேதி, நேரம், அன்னைக்கு வெயிலா மழையா, ஆடியோ பதிவு, இதெல்லாம் எழுத்துல கொடுங்க. கம்பத்துல எந்தத் துண்டுன்னு குறிபார்க்க, நம்ம காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் கேக்குற அல்ட்ராசோனிக் டிஷ் இருக்கு. கீழ நின்னே பார்க்கலாம்.

ரிப்பேர் முடிஞ்சும் மீட்டர் முழுசா இறங்கலையா? மின்வாரியத்தோட சண்டைக்குப் போகாதீங்க. பெரிய சத்தத்துக்கு அடியில ஒளிஞ்சிருந்த இரண்டாவது கம்பமா இருக்கலாம். பழைய வடிவத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, வேற மாதிரி இருந்தா வேட்டையை மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க. உங்க ஸ்கோப்ல வந்த வடிவத்தைக் கமெண்ட்ல எழுதுங்க, அரைச் சுற்றுக்கு எத்தனை துடிப்புன்னு எண்ணிச் சொல்லுங்க. ஒவ்வொண்ணையும் நான் படிக்கிறேன்.