அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, அரங்கு நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக எதிரணித் தலைவரிடமே வருகிறேன்.

ஆப்பிரிக்க உழவருக்குக் கைகொடுப்பது மரபணு மாற்றிய விதையா, மண்ணறிந்த உள்ளூர் ரகமா? இதுதான் தலைப்பு. அவர் மரபணு விதைக்காகப் பேசினார், நன்றாகவே பேசினார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "உள்ளூர் ரகம் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய சாமான். பசித்தவனிடம் அதைக் காட்டி என்ன பயன்?" நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலை ஐந்து நிமிடம் என்னிடம் கடனாகக் கொடுங்கள். புர்கினா பாசோ வரைக்கும் போய்வருவோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு. பருத்திதான் அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் கைக்காசு. அந்தப் பருத்திக்கு எமன் காய்ப்புழு. ஒரு பருவத்துக்கு ஆறு முறை மருந்தடிக்க வேண்டும். 2008இல் மான்சாண்டோ நிறுவனத்தின் 'போல்கார்டு 2' வணிக சாகுபடிக்கு வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் இரண்டு நஞ்சு மரபணுக்கள் அந்தச் செடிக்குள் இருந்தன. இலையையோ காயையோ கடித்த புழு செத்தது. ஆறு தெளிப்பு இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் புழுவுக்காக அல்ல, சாறு உறிஞ்சும் பூச்சிக்காக. விளைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியது. உழவர்கள் விரும்பித்தான் விதைத்தார்கள். 2014 வாக்கில் பருத்தி நிலத்தில் பத்தில் ஏழு பங்கு இந்த விதைதான். எதிரணித் தலைவர் இதுவரைக்கும் சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டார். கதை வயலில் முடியவில்லை ஐயா, அரவை ஆலையில் தொடங்குகிறது!

வண்டி வண்டியாக விதைப்பருத்தி ஆலைக்கு வருகிறது. வழக்கமாக நூறு கிலோ போட்டால் ஏறக்குறைய 42 கிலோ பஞ்சு தேறும். இப்போது 40ஐ ஒட்டி நிற்கிறது. எந்திரத்தில் கோளாறா என்று பார்க்கிறார்கள், கோளாறு இல்லை. மறுபடியும் போடுகிறார்கள், மறுபடியும் அதே எடை. இரண்டு கிலோதானே என்று யாராவது நினைக்கலாம். நாடு முழுவதும் விளையும் லட்சக்கணக்கான டன்னுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். காணாமல் போனது பஞ்சு. மிஞ்சியது கொட்டை.

அதாவது பரவாயில்லை. அடுத்தது இழை நீளம். இந்த அரங்கில் நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. புர்கினா பஞ்சின் இழை, வணிகக் கணக்கில் ஒரு அங்குலமும் முப்பத்திரண்டில் மூன்று பங்கும். புதிய விதையில் அது ஒரு அங்குலமும் பதினாறில் ஒரு பங்குமாக இறங்கியது. வித்தியாசம் எவ்வளவு? அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு! மில்லிமீட்டரில் சொன்னால் 0.8. முழுதாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் துளி வித்தியாசம் ஒரு நாட்டின் பருத்திக்கு இருந்த பெயரையே அரித்தது. ஏனென்றால் இழை குட்டையானால் நூலில் பிடிமானம் குறையும். பிடிமானம் வர முறுக்கு ஏற்ற வேண்டும். முறுக்கு ஏற்றினால் உற்பத்தி குறையும், மெல்லிய நூல் அறுந்துகொண்டே இருக்கும். வாங்குகிறவர் முன்பு இந்தப் பஞ்சுக்குக் கூடுதல் விலை கொடுத்தவர். அந்தக் கூடுதலை ஏன் இனிமேலும் கொடுப்பார்?

வயலில் நின்று பார்த்தால் வெற்றி. ஆலையில் நின்று பார்த்தால் நஷ்டம். சந்தையில் நின்று பார்த்தால் மானக்கேடு. ஒரே விதைதான், ஒரே பருவம்தான்! சோஃபிடெக்ஸ், சோகோமா, ஃபாசோ கோட்டன் என்ற மூன்று பருத்தி நிறுவனங்களும் அந்நாட்டு நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கில் 48.3 பில்லியன், அதாவது நம் கணக்கில் 4,830 கோடி பிராங்க், இழப்பீடு கேட்டன. 2016-17 பருவத்தில் நாடு முழுவதும் பழைய ரகத்துக்கே திரும்பியது. அருங்காட்சியகச் சாமான் என்றாரே, அந்த ரகத்துக்கு!

அந்த ரகம் என்ன கற்காலத்துச் சரக்கா? இல்லை ஐயா. பிரெஞ்சுக்காரர்களும் ஆப்பிரிக்கர்களுமான பயிர் வளர்ப்பு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, இழை நீளம், பஞ்சு சதவீதம், வறட்சி தாங்கும் குணம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த ரகம் அது. உள்ளூர் ரகமும் அறிவியல்தான். அறிவியலுக்கு எதிரிகள் என்று எங்கள் அணியைச் சொல்கிறவர்கள், எந்த அறிவியலுக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறை எங்கே நேர்ந்தது? பொறுமையாகக் கேளுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். மரபணு முதலில் அமெரிக்கப் பருத்தியில் இருந்தது. அதை உள்ளூர் ரகத்தோடு கலப்புச் செய்தால், பிள்ளையில் பாதி அமெரிக்கச் செடி. அந்தப் பிள்ளையைத் திரும்பவும் உள்ளூர் ரகத்தோடு சேர்த்தால் கால் பங்கு. இன்னொரு முறை சேர்த்தால் அரைக்கால், அதாவது 12.5 சதவீதம். இதற்குப் பின்கலப்பு என்று பெயர். ஆறு முறை செய்தால் அந்நியப் பங்கு சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் கீழே போகும். மரபணு மட்டும் நிற்கும், உள்ளூர்க் குணமும் திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே நிறுத்தினால் அமெரிக்கச் செடியின் மிச்சசொச்சம் விதைக்குள் தங்கும். புர்கினாவில் போதிய முறை பின்கலப்பு நடக்கவில்லை என்பதே ஆய்வாளர்கள் பலர் காட்டிய காரணம். புழுவுக்குப் பூட்டு வாங்கினார்கள், பூட்டுகிற வீட்டை மறந்தார்கள். உள்ளூர் ரகம்தான் ஐயா வீடு!

இரண்டாவதாகப் பேசிய சகோதரி நைஜீரியத் தட்டைப்பயறைச் சொன்னார். அவரை மதிக்கிறேன், நல்ல எடுத்துக்காட்டு. 2019இல் அனுமதி பெற்ற மரபணு மாற்றிய ரகம் 'சாம்பீ 20-டி'. பூவையும் காயையும் தின்னும் மருகா புழுவை அது தடுக்கிறது. உரிமத்தொகை கிடையாது, உழவர் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாம். ஆனால் அந்த மரபணு எதில் ஏறி உட்கார்ந்தது? இபாதானில் இருக்கும் ஐ.ஐ.டி.ஏ. ஆய்வு நிலையம் அந்த மண்ணுக்கென்றே உருவாக்கிய ரகத்தில்! சுடுமல்லி போல வேரில் ஒட்டி உறிஞ்சும் ஸ்ட்ரைகா களையைத் தாங்கும் குணம் அதற்கு முன்பே இருந்தது. மரபணு காப்பது புழுவிடமிருந்து மட்டும். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் இன்றைக்கும் மருந்துதான். சகோதரி, நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

தென்னாப்பிரிக்கா பற்றி ஒரு வார்த்தை. 1998இல் பி.டி. சோளம், அதாவது அதே பாக்டீரியாவின் நஞ்சு மரபணு ஏற்றிய மக்காச்சோளம், வந்தது. புழு பழகிவிடாமல் இருக்கப் பக்கத்திலேயே சாதாரணச் சோளம் விதைக்க வேண்டும்: மருந்தடிப்பதானால் நூற்றுக்கு 20 பங்கு, அடிக்காவிட்டால் 5 பங்கு. தப்பிப் பிழைத்த ஓரிரு வலுத்த பூச்சிகள், அங்கே வளரும் சாதாரணப் பூச்சிகளோடு இணைசேர்ந்து வலுவிழக்கட்டும் என்பதற்காக. பல பண்ணைகளில் இந்த விதி ஏட்டோடு நின்றது. 2007இல் தண்டுத்துளைப்பான் புழு அந்த நஞ்சுக்கு எதிர்ப்புப் பெற்றது பதிவானது. அதே தண்டுத்துளைப்பானைக் கென்யாவில் 'இசிப்பே' ஆய்வு நிலையம் எப்படி எதிர்கொண்டது தெரியுமா? சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை அந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியர் அதைத் தன்பக்கம் இழுக்கும். அதில் முட்டையிட்டால் புழுக்களில் பெரும்பாலானவை வளராது. டெஸ்மோடியம் ஸ்ட்ரைகாவை அடக்கும், மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும். மாட்டுக்கு இரண்டும் தீவனம். இதற்கு உரிமத்தொகை யாருக்கும் கட்ட வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள், இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

புர்கினாவில் பருத்தி உழவர் விதையைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. விதை, உரம், மருந்து எல்லாம் கடன். ஊருக்கொரு குழு, குழுவுக்குக் கூட்டுப் பொறுப்பு. அறுவடையானதும் கடனைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ஒருவர் வயல் பொய்த்தால் அவர் கடன் அண்டை வீட்டார் தலையில். சாதாரண விதைக்கு விலை சொற்பம். மரபணு விதை விற்ற காலத்தில் அதற்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 27,000 பிராங்க். மழை பெய்யுமா என்று தெரியுமுன்னே ஏறிவிட்ட கடன் அது. வானம் பார்த்த பூமி ஐயா! விதைத்து மூன்றாம் வாரம் மழை நின்றால் மறுவிதைப்பு. செடி கருகினாலும் கணக்குப் புத்தகத்தில் அந்த 27,000 கருகாது. அண்ணன் வயல் காய்ந்ததற்குத் தம்பி பருத்தியில் பிடிப்பார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று எடுத்துவைத்த தாய் அந்தக் காசை வெளியே எடுப்பாள். எந்த விதை, என்ன இழை, எத்தனை முறை பின்கலப்பு என்று அவளை யாராவது கேட்டார்களா? நஷ்டம் வந்தபோது நிறுவனங்கள் இழப்பீடு கேட்டன, கேட்க அவர்களுக்கு வக்கீல் இருந்தார். அவளுக்கு யார் இருந்தார்?

எதிரணித் தலைவர் முடிவுரைக்கு எழுந்திருப்பார். அவர் எழுந்ததும் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்: மழை பொய்த்த வருஷத்தில் அந்த 27,000 பிராங்க்கை யார் கட்டுவது? பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.