பிரேக் டிஸ்க்கில் இறுகிப்போன ஸ்க்ரூ: திருகாதீர்கள், அடியுங்கள்

(திரையில்: துருப்பிடித்த பழைய டிஸ்க், நடுவில் தலை சிதைந்த ஒரு ஸ்டார் ஸ்க்ரூ)

வணக்கம். காரில் பிரேக் டிஸ்க்கை, அதாவது வீலோடு சுற்றும் இரும்புத் தட்டை, மாற்ற உட்கார்ந்தேன். பார்க்க அவ்வளவு சின்னதாக இருக்கும் இந்த ஸ்க்ரூ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. நம்ம ஊர் செங்கோட்டை. ஆடிச் சாரலில் வாரக்கணக்காக நனைந்த வண்டி, புளியரை எஸ் வளைவில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கி வரும் வண்டி. டிஸ்க் கொதிக்கும், ஆறும், மேலே மழைத் தண்ணீர் படும். இரும்பும் இரும்பும் துருவால் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

முதலில் பயத்தை விடுங்கள். ஓடும் வண்டியில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஸ்க்ரூ இல்லை, வீல் நட்டுகள்தான். வீலைக் கழற்றும்போது டிஸ்க் ஆடாமல் இருக்க மட்டும்தான் இது. அதனால் உடைந்தாலும் குடி முழுகாது.

நான் செய்த தப்பு, வீட்டில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகியது. அது இரண்டாம் நம்பர் முனை, பல வண்டிகளில் இந்த ஸ்க்ரூவுக்கு மூன்றாம் நம்பர் வேண்டும். இரண்டே திருகில் தலை வழுக்கிவிட்டது. பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “திருகாதீங்க தம்பி, அடிங்க” என்றார். மொத்த வித்தையும் அதுதான்.

வண்டியைத் தூக்கி, அடியில் முட்டுக்கொடுக்கும் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றும் முன்பே ஸ்க்ரூவைக் கவனியுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்தால் டிஸ்க் சுற்றாது. காலிப்பரைக் கழற்றிய பிறகு மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், அப்புறம் அது தனி வேலை.

துரு இளக்கும் எண்ணெயை ஸ்க்ரூவைச் சுற்றி விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். டிஸ்க்கில் உரசும் பிரேக் பேடில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ‘பஞ்ச்’ எனும் தடித்த இரும்புக் குச்சியை ஸ்க்ரூ தலையின் நடுவில் வைத்து, சுத்தியலால் நான்கைந்து முறை நன்றாகத் தட்டுங்கள். கூம்பாக உட்கார்ந்திருக்கும் தலை அந்த அதிர்ச்சியில்தான் துருவை விடும்.

(திரையில்: சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர்)

இப்போது இம்பாக்ட் டிரைவர். பேட்டரியில் ஓடும் துப்பாக்கி இல்லை, சுத்தியலால் அடிக்கிற கைக்கருவி. கழற்றும் பக்கம் திருப்பி வைத்து, கையால் அதே பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓங்கி ஒரு அடி. அடிக்கிற அடியே முனையைத் தலைக்குள் அழுத்திக்கொண்டு திருப்பிவிடுவதால் வழுக்க இடமில்லை. பெரும்பாலும் மூன்று அடிக்குள் ‘டக்’ என்று இளகும், அந்தச் சத்தம் கேட்டால் மனசு குளிர்ந்துவிடும்.

என்னைப் போல ஏற்கெனவே தலையைக் கெடுத்துவிட்டீர்களா? சரி, டிரில்லை எடுங்கள். 6 மில்லி ஸ்க்ரூ என்றால் முதலில் 3 மில்லி பிட்டால் நடுவில் ஒரு துளை, பிறகு 7 மில்லி பிட். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக இறங்குங்கள், தலை தனியாகக் கழன்று பிட்டிலேயே சுற்றும். இனி காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் போகும் ஹோஸில் பாரம் விழக்கூடாது. டிஸ்க்கை உருவினால் ஸ்க்ரூவின் மிச்சத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் போய்விட்டதால் கிரிப் பிளையரில் பிடித்தாலே சுழன்று வந்துவிடும்.

டிஸ்க்கே ஹப்பில், அதாவது அது உட்காரும் நடுப்பகுதியில், ஒட்டியிருந்தால் டிஸ்க்கின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா பாருங்கள். பல ஜப்பானிய வண்டிகளில் இருக்கும். அதில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

புதிய டிஸ்க்கை மாட்டும் முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள், துரு மிச்சமிருந்தால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து பெடல் அதிரும். டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். புதிய ஸ்க்ரூவின் மரையில் மறுபடி இறுகிப்போகாமல் இருக்கக் கொஞ்சம் ஆன்டி சீஸ் பசை தடவி, கைப்பலத்துக்கு முறுக்கினால் போதும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுக்கும் முன் பெடலை அது கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதி தரையைத் தொடும், அது கேட்டுக்கு வெளியே நடக்க வேண்டாம்.