ஃபயர் டோரில் இருக்கும் அந்த 120

வணக்கம் மக்களே. இப்போது நிற்பது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி வாசல். கதவின் விளிம்பில், கீல் பக்கமாக ஒரு சின்னத் தகடு தெரிகிறதா? கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். 120 நிமிடம். லிஃப்ட் லாபி, மாடிப்படி வாசல் மாதிரியான இடங்களுக்கு 120 நிமிட ஃபயர் டோர், அதாவது தீயைத் தாங்கித் தடுக்கும் கதவு, வேண்டும் என்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு சொல்கிறது.

நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு, தீப்பிடித்தால் இரண்டு மணி நேரம் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த 120 சோதனை உலையின் கணக்கு. உங்கள் கடிகாரத்தின் கணக்கு அல்ல.

சோதனைக்கூடத்தில் என்ன செய்வார்கள் என்றால், கதவைச் சட்டத்தோடு ஒரு சுவரில் பொருத்தி, அந்தச் சுவரை உலையின் வாயில் வைத்து மூடுவார்கள். உலையின் சூடு பல நாடுகளில் பயன்படும் ஒரு வரைகோட்டின்படி ஏறும். 5 நிமிடத்தில் 576 டிகிரி செல்சியஸ், அரை மணியில் 842, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1,049. நிஜத் தீ இந்த வரைகோட்டைப் படித்துவிட்டு வராது. ஃபோம் சோபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த அறை இதைவிட வேகமாகச் சூடேறலாம். ஆக, ஒரு கதவை இன்னொரு கதவோடு ஒப்பிட உதவும் எண் இது.

உலையில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஐரோப்பிய முறையில் அவற்றுக்கு ஆர், இ, ஐ என்று எழுத்துகள். ஆர் என்றால் சுமை தாங்குவது. தூண், உத்திரம், தளத்துக்கு உரியது. இ என்றால் விரிசல் விடாமல், தீயை மறுபக்கம் விடாமல் நிற்பது. ஐ என்றால் மறுபக்கம் சூடேறாமல் இருப்பது: தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேலோ, எந்த ஓர் இடத்திலும் 180 டிகிரிக்கு மேலோ வெப்பம் உயரக் கூடாது.

இந்த ஐ-யைத்தான் விற்பவர்கள் மெதுவான குரலில் சொல்வார்கள். இ மட்டும் 120 வாங்கிய கதவு தீயை நிறுத்தும். ஆனால் அதன் மறுபக்கம் சீக்கிரமே பழுக்கக் காய்ந்துவிடலாம். குறுகலான மாடிப்படியில் அதன் பக்கத்தில் நடந்து இறங்க முடியுமா? அதனால் ‘120’ என்று சொன்னதும், எந்த எழுத்துக்கு 120 என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம். எரியாத பொருள் என்றால் தீயைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. இரும்பு எரியாது. ஆனால் 550, 600 டிகிரி வாக்கில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால்தான் இரும்புத் தூணுக்கு ஜிப்சம் போர்டு, சூட்டில் பொங்கி உப்பும் பெயின்ட் என்றெல்லாம் கவசம் போடுகிறார்கள். கனமான மர உத்திரம் எரியும். ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கரியாகும். அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாக இருக்கும்.

சரி, இப்போது என்னைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இது மின்சார ஷாஃப்ட், அதாவது எல்லா மாடிக்கும் கேபிள் ஏறிப்போகும் செங்குத்தான வழி. உள்ளே பாருங்கள். கேபிள் போன இடத்தில் கையை விடும் அளவுக்கு ஓட்டை. கட்டும்போது நல்ல கான்கிரீட் தளம்தான். பிறகு இன்டர்நெட் கேபிள்காரர், ஏ.சி. ஆள், பிளம்பர் என்று ஆளாளுக்கு தளத்தைத் துளைத்து ஒரு கோர் கட்டிங். எதையும் யாரும் அடைக்கவில்லை. கொசுவலையில் ஒரு கிழிசல் இருந்தால் மீதி வலை எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

சில இடங்களில் மஞ்சள் ஃபோம் அடித்து மூடியிருப்பார்கள். சாதாரண பாலியூரிதேன் ஃபோம் எரியும் பொருள். வேறு நிறத்தில் இருந்தால் தீ தாங்கும் ஃபோம் என்றும் நம்ப வேண்டாம். சோதனைச் சான்றிதழில் அந்த ஓட்டையின் அளவு, அந்த வகைக் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ பிடித்தது. மேல் மாடி வார்டுகளில் இருந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் புகைதான். புகைக்குப் பெரிய வழி தேவையில்லை.

கதவு விஷயத்திலும் இதே கதை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். அங்கிருந்து எடுத்த, 30 நிமிடம் தாங்க வேண்டிய ஒரு கதவை அப்புறம் சோதித்தபோது சுமார் 15 நிமிடத்தில் தோற்றது. பல வீட்டு வாசல்களில் கதவைத் தானாக மூடும் க்ளோசர் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை என்று விசாரணையும் சொன்னது. கதவு, சட்டம், கீல், க்ளோசர், விளிம்பில் சூட்டில் உப்பும் பட்டை எல்லாம் ஒரே செட்டாகச் சோதித்தவை. ஒன்றை மாற்றினால், பிறகு கண்ணாடி வெட்டிப் பொருத்தினால், தகட்டில் உள்ள எண் அந்தக் கதவுக்குச் சொந்தமில்லை. காற்று வரட்டும் என்று செங்கல் வைத்துத் திறந்து விட்டால்? அப்போது மதிப்பு பூஜ்யம்.

உங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஷாஃப்ட் கதவுகளை எல்லாத் தளத்திலும் திறந்து காட்டச் சொல்லுங்கள். டார்ச் எடுத்துப் போங்கள், கீழ்த் தளத்து வெளிச்சம் தெரிந்தால் அங்கேயே போட்டோ எடுத்து, அடைக்கும் வேலைக்கு யார் பொறுப்பு என்று மினிட்ஸில் எழுத வையுங்கள். அடுத்த வீடியோவில் ஸ்பிரிங்க்ளர் பார்க்கலாம்.